பின்பலகைக்கு உள்ளிருந்து

அழுகிப்போன இடத்திலிருந்து பதில் வரக்கூடாது. படகு பழுதுபார்க்கும் தொழிலைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். அதையும் அவனுடைய மனைவிதான் சொல்லிக்கொடுத்திருந்தாள். அதனால்தான், இரண்டு கைகளிலும் தேநீர்க் குவளைகளோடு கொட்டகை வாசலில் வந்து நின்ற அந்த முற்பகலில், பழைய மோட்டார் படகின் பின்பலகையை அவள் விரல் முட்டியால் ஒருமுறை தட்ட, உள்ளிருந்து அதே இடத்தில் யாரோ ஒருமுறை திருப்பித் தட்டியது அவன் காதில் விழுந்தபோது, குவளை விரலைச் சுடுவதைக்கூட உணராமல் நின்றுவிட்டான்.

படகினுள் யாரும் இல்லை. மரத்தாங்கிகளின்மேல் நிறுத்தப்பட்டிருந்த அதன் விளிம்பு அவன் மார்பளவுக்கே வந்தது. எட்டிப் பார்த்தால் உள்ளே முழுதும் தெரிந்தது. மழைநீர் தேங்கிய ஒரு மூலை, சுருட்டி வைத்த மின்கம்பி, தேய்ந்த துடைப்பம். அவ்வளவே. ஆனால் அவனை நெடுநேரம் உறுத்தியது அந்தத் தட்டல் அன்று. அதைக் கேட்ட மனைவியின் முகம். திடுக்கிட வேண்டிய முகத்தில் சிரிப்பு இருந்தது. கூட்டத்தில் வேண்டியவரைக் கண்டால் உதட்டைத் திறக்காமல் கண்ணால் மட்டும் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"ஏதோ சத்தம் கேட்டுச்சே," என்றான்.

"உங்களுக்கா?" அவள் தேநீரை வாங்கிக்கொண்டாள். "உங்களுக்குத்தான் சத்தமே பிடிபடாதே."

அது உண்மை. ஃபைபர் படகின் பின்பலகை வெறும் பலகையன்று. நடுவில் பிளைவுட்டும், அதன் இருபுறமும் தோலைப்போல ஒட்டிய ஃபைபரும் சேர்ந்த மூன்றடுக்கு. மோட்டாரின் பாரம் முழுவதையும் அதுதான் சுமக்கிறது. மோட்டாரைப் பூட்டிய திருகாணித் துளை வழியே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கினால், வெளித்தோல் பளபளப்பாகவே இருக்க, உள்ளே மரம் சேறாகக் கரைந்துவிடும். எங்கே கரைந்திருக்கிறது என்று அறிய இருவர் வேண்டும் என்பது அவள் வேலை கற்ற படகுப் பட்டறையின் வழக்கம். ஒருவர் வெளியே நின்று தட்டுவார். மற்றவர் படகுக்குள் மண்டியிட்டு உள்தோலில் உள்ளங்கையை வைத்திருப்பார். ஒலி திடமாகக் கடந்து வந்தால் அதே இடத்தில் பதிலுக்குத் தட்டுவார். அழுகியிருந்தால் பேசாமல் இருப்பார். மௌனம் விழுந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டம் போடுவார்கள்.

கல்யாணமான புதிதில் அவள் அவனை உள்ளே உட்காரவைத்துப் பார்த்தாள். அவன் தையல்காரன், கண்ணால் பார்த்தே தோளகலம் சொல்லக்கூடியவன், ஆனால் காதும் உள்ளங்கையும் அவனுக்கு ஒத்துழைக்கவில்லை. அழுகிய இடத்திலெல்லாம் பதில் தட்டினான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "பரவால்ல, விடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்றிலிருந்து வெளியே தட்டியபின் தானே படகுக்குள் ஏறி, தானே கையை வைத்து, வேலையைத் தனியாகச் செய்யப் பழகிக்கொண்டாள். முன்பு பட்டறையில் அவளுக்கு இணையாக உள்ளே உட்கார்ந்த ஒருவனைப் பற்றி ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். "அவர் கைக்குச் சத்தம் தெரியும்." அந்த நான்கு சொல்லை அவன் அத்தனை வருடங்களாகப் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தான். அந்த ஆள் யார், என்ன ஆனான் என்று கேட்டதே இல்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள்.

*

அதற்குச் சில நாட்களுக்குமுன் அந்தப் படகைக் கொண்டுவந்து இறக்கியவர் பழைய இரும்புக்கடைக்காரர்.

"மாஸ்டர், உங்க வீட்டம்மா இதைக் கேட்டப்பவே சொன்னேன். முன்பக்கம் மாப்பிள்ளை மாதிரி இருக்கு, பின்பக்கம் பல்லு போன கிழவன் மாதிரி இருக்குன்னு. கேட்டாத்தானே," என்று வேர்வையைத் துடைத்தார்.

"வேற படகே இல்லையா?" என்று அவன் மனைவியைக் கேட்டான்.

அவள் பின்பலகையின் விளிம்பில், உரிந்த வண்ணத்திற்கு அடியில் தெரிந்த ஃபைபர் மடிப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "இது நாங்க ஒட்டினது," என்றாள்.

நாங்கள். அந்தச் சொல்லுக்குள் அவனுக்கு இடமில்லை. இரும்புக்கடைக்காரர் கதை கேட்கும் ஆவலோடு அவன் முகத்தைப் பார்த்தார். அவன் கழுத்தில் தொங்கிய அளவுநாடாவை இழுத்துச் சமன் செய்துகொண்டு கடைக்குள் போனான்.

வீட்டின் முன்னறைதான் தையற்கடை. பின்வாசலைத் திறந்தால் கொட்டகை. கொட்டகைக்கு அப்பால் கால்வாய். கடையில் அவனோடு அமர்ந்து பொத்தானும் கொக்கியும் தைப்பவள், கணவனை இழந்தபின் அவர்களோடு வந்து தங்கிவிட்ட அவனுடைய அக்கா. வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே பேசக் கற்றவள்.

"படகுக்கு வந்த யோகத்தைப் பாரு," என்றாள் அக்கா. "காலையில எந்திரிச்சு மூஞ்சி கழுவறதுக்கு முன்னாடி அதுகிட்ட போயி நிக்கறா. நீ சட்டை போடாம சுத்தினாக்கூட அவ கண்ணுக்குத் தெரியமாட்டே."

"வேலைக்கா. முடிச்சா போயிடும்."

"போறது படகா, அவளாடா?"

"ஊசிய முழுங்கிடாதக்கா," என்றான் அவன். அக்கா சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

*

அவள் பின்பலகையின் மேல்மூடியை ரம்பத்தால் அறுத்து எடுத்தாள். இரண்டு ஃபைபர் தோல்களுக்கும் நடுவில், நான்கு விரல் அகலத்தில், படகின் அகலம் முழுவதற்கும் ஒரு நீண்ட பிளவு வாய்திறந்தது. அதற்குள் நீளக் கொக்கியை விட்டு, கறுத்து நைந்த மரத்தை அள்ளி அள்ளி வாளியில் போட்டாள். அந்த வாடை கொட்டகையிலிருந்து பின்வாசல் வழியே நுழைந்து, வெட்டிவைத்த புதுத்துணிகளின் கஞ்சி மணத்தின்மேல் படிந்து, தலையணைவரை வந்தது: குளிர்ந்த கால்வாய்த் தண்ணீர், ஊறிய காளான், அதற்கும் அடியில், நெடுநாள் அடைத்துக்கிடந்த அறையில் ஓர் ஆள் உறங்கி எழுந்தாற்போன்ற வெதுவெதுப்பான ஒரு மணம். அந்த மூன்றாவது மணத்தை அவனுக்குத் தெரியும். நாள் முழுதும் ஆண்களின் சட்டைகளைக் கையாள்கிறவன் அவன்.

மரமெல்லாம் வெளியே வந்தபின், உட்புறம் உலரட்டும் என்று, கம்பியில் கட்டிய மின்விளக்கை அந்தப் பிளவுக்குள் இறக்கினாள். இரு தோல்களின் வண்ணத்தையும் ஏற்கெனவே தேய்த்து எடுத்திருந்ததால், வெறும் ஃபைபர் ஒளியை விட்டது. பின்பலகை முழுவதும் தேன்நிறத்தில் ஒளிர்ந்தது. மழைக்காலத்து மங்கிய பகலில், அந்தக் கொட்டகையில் உயிருள்ள பொருள் அது ஒன்றே என்பதுபோல் இருந்தது.

தட்டல்கள் பெருகின. அவன் தையல் எந்திரத்தை மிதிக்கும்போது ஒன்றும் கேட்காது. தையலைத் திருப்புவதற்குக் காலை நிறுத்தும் சிறு இடைவெளியில் கேட்கும். டொக். சற்றுப் பொறுத்து, டொக். முதலாவது அவளுடையது. இரண்டாவது ஆழத்திலிருந்து வருவது. நாளாக ஆக அவன் தையலைத் திருப்பாமலே காலை நிறுத்தினான். சட்டைகள் தேங்கின. அவள் சாப்பிட வரும்போது கைகளில் ஃபைபர்த் தூள் மினுமினுத்தது. கூப்பிட்டால் திரும்புவதற்கு நேரம் பிடித்தது. தட்டில் விரலை வைத்துக்கொண்டு எதையோ எதிர்பார்ப்பவள்போல் இருந்தாள். அவளை இப்படி யாராவது காத்திருக்கவைத்து அவன் பார்த்ததில்லை. தான் அவளை என்றைக்காவது காத்திருக்கவைத்ததுண்டா என்று எண்ணிப் பார்த்தான். இல்லை.

ஒருநாள் அவனுடைய விரலுறை காணாமல் போயிற்று. ஊசி குத்தாமலிருக்க நடுவிரலில் மாட்டிக்கொள்ளும் பித்தளை விரலுறை. அவனுடைய அப்பா மாட்டிக்கொண்டது. ஒரு பக்கம் நசுங்கியது.

"நான்தான் எடுத்தேன்," என்றாள் அவள். "பித்தளையில தட்டினா சத்தம் தெளிவா வருது. கை தவறி உள்ள விழுந்துடுச்சுங்க."

"எடுக்கலையா?"

"கொக்கி விட்டுப் பார்த்தேன். சிக்கல."

அன்று பிற்பகல் அவன் எந்திரத்தை நிறுத்தியபோது வெளியிலிருந்து அவள் முட்டியால் தட்டுவது கேட்டது. உள்ளிருந்து பதில் வந்தது.

டிங்.

பித்தளை.

அவனுக்கு முதலில் எழுந்தது அச்சமன்று. என் அப்பாவின் பொருளை அவனுக்குக் கொடுத்துவிட்டாள் என்பதுதான் முதலில் எழுந்தது. அச்சம் அதற்குப் பின்னால், வழிவிடக் காத்திருந்ததைப்போல், மெல்ல வந்தது.

*

அவள் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து அவன் கொட்டகைக்குள் நுழைந்தான். கூரைத் தகரத்தின்மேல் தூறல் மணல் இறைத்ததுபோல் விழுந்துகொண்டிருந்தது. பிளவுக்குள் குனிந்து பார்த்தான். விளக்கின் ஒளி இரண்டு ஃபைபர்ச் சுவர்களிலும் வழிந்து இறங்கியது. அடியில், ஒளி போதாத இடத்தில், கறுப்பு. பின்பலகையின் உயரம் அவன் இடுப்பிலிருந்து கணுக்கால்வரைகூட வராது. விரலுறை அந்தக் கறுப்பில்தான் கிடக்க வேண்டும்.

ஆழம் தெரிந்தால் கொக்கி செய்துகொள்ளலாம் என்று, கழுத்திலிருந்த அளவுநாடாவை எடுத்து, அதன் உலோக நுனி கீழே இருக்கும்படி உள்ளே விட்டான். நாடா இறங்கியது. முழங்கால் அளவு இறங்கியது. கணுக்கால் அளவு இறங்கியது. தரை தட்டவில்லை. படகின் அடிப்பகுதி அங்கே முடிந்துவிட்டது என்பதைத் தன் கண்ணால் பார்த்துக்கொண்டே அவன் மேலும் விட்டான். நாடா மேலும் இறங்கியது. கையில் அதன் மறுநுனி மட்டும் மிஞ்சியது.

அப்போது நாடா விறைத்தது.

வெடுக்கென்று இழுக்கவில்லை. ஒருவர் நுனியைப் பிடித்துக்கொள்ள மற்றவர் அளவு பார்க்கும்போது, தொய்வு போகட்டும் என்று மெதுவாக, மரியாதையாக இழுத்துப் பிடிப்பார்களே, அப்படி. அந்தப் பிடியை அவன் அறிவான். அவனே ஆயிரம் உடல்களின்மேல் பிடித்த பிடி அது. இப்போது தன்னை யாரோ அளந்துகொண்டிருப்பதாக அவனுக்குத் தோன்றியது.

கையை விடாமல் நின்றான். பிறகு நாடா தளர்ந்தது. சுருட்டி எடுத்தான். நனைந்திருந்தது. நுனியிலிருந்த உலோகம் வெதுவெதுப்பாக இருந்தது.

மாலையில் அவளிடம் கேட்டான். கேட்கக்கூடாது என்று நாளெல்லாம் வாயை அடக்கிவைத்திருந்தவன், அவள் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு தனக்குத்தானே முறுவலித்ததைக் கண்டதும் கேட்டுவிட்டான்.

"உள்ள யாரு?"

அவள் துண்டை உதறினாள். "நாலு விரல் இடத்துல யாருங்க இருப்பா?"

"அதைத்தான் கேக்கறேன்."

"காத்து அடைச்சிருந்தா சத்தம் வரும். ஃபைபர் காஞ்சாலும் வரும்."

"காத்துக்குப் பித்தளை எங்கேருந்து வந்தது?"

அவள் அவனை நேராகப் பார்த்தாள். கோபமில்லை. இரக்கம் இருந்தது, அதுதான் பொறுக்கவில்லை. "நாளைக்கு ரெசினை ஊத்தி மூடிடப் போறேன்," என்றாள். "அப்புறம் ஒரு சத்தமும் வராது. நீங்க நிம்மதியா தைக்கலாம். மூடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை உள்ள இறங்கிப் பார்த்துடணும், அவ்வளவுதான்."

உள்ளே என்றால் படகுக்குள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

*

மறுநாள் மழை வலுத்தது. மதியத்திற்கே விளக்கு ஏற்ற வேண்டியதாயிற்று. எந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தானே தவிர அவன் மிதிக்கவில்லை. தகரத்தின் இரைச்சலுக்குக் கீழே, தட்டல்கள் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தன. முட்டி, பித்தளை. முட்டி, பித்தளை. இனி அது பதம் பார்ப்பதன்று. சோதனை செய்பவர்கள் அவ்வளவு விரைவாகத் தட்டமாட்டார்கள். ஒருவர் சொல்லி முடிக்குமுன் மற்றவர் பேசத்தொடங்கும் பேச்சு அது. நெடுநாள் பிரிந்திருந்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். அவளும் அவனும் அந்த வீட்டில் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை.

நடுவில் ஒருமுறை அவள் சிரித்தாள். வாய்விட்டு.

பிறகு எல்லாம் நின்றது.

நெடுநேரம் பொறுத்துப் பார்த்தான். எழுந்து பின்வாசலுக்குப் போனான். சுவராணியில் குடை இல்லை. அக்காவும் கண்ணில் படவில்லை. உள்ளறையில் படுத்திருப்பாள் என்று நினைத்தான். கொட்டகையில் மனைவி இல்லை. படகில் ஒட்ட ஃபைபர்ப் பாய் வாங்க வேண்டும் என்று காலையில் சொன்னது நினைவுக்கு வந்தது. குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள்.

நல்லது. அவளில்லாமல் முடித்துவிடலாம்.

பிளவுக்குள் தொங்கிய விளக்கை வெளியே எடுத்து, படகுக்குள், பின்பலகையின் மறுபுறத்தில் எரியும்படியே வைத்தான். ஃபைபரை ஒட்டும் பசையான ரெசின் இருந்த பீப்பாயின் குழாயைத் திறந்து வாளியில் பிடித்தான். கூர்மையான நெடி மூக்கின் உச்சியில் ஏறி, கண்ணை நனைத்தது. அவள் இந்தக் குழம்பில் வெள்ளைப் பொடியையும் நறுக்கிய ஃபைபரையும் கலந்து களியாக்குவாள் என்பதைப் பார்த்திருக்கிறான். எவ்வளவு என்று பார்த்ததில்லை. கலக்கவில்லை. அதை இறுகவைக்கும் ஹார்டனரை அவள் குப்பியின் மூடியால் அளந்து விடுவாள். அவன் எந்திரத்திற்கு எண்ணெய் விடுவதுபோல் கண்மதிப்பில் விட்டான். அவள் திரும்புவதற்குள் இறுக வேண்டும் என்று இன்னும் விட்டான்.

முதல் வாளியை ஊற்றினான். பாகுபோல் இறங்கியது. தரையே தட்டாமல் போகுமோ என்று ஒரு கணம் பயந்தான். இல்லை, அடியில் தேங்கி மெல்ல ஏறியது. அடுத்த வாளி. அதற்கடுத்தது. ஊற்றும்போது ஏதோ சொல்லிக்கொண்டே ஊற்றினான் என்பது வாளி காலியானபின்தான் அவனுக்கே தெரிந்தது. "வெளிய வா பாப்போம். இப்ப வா. இப்பத் தட்டு பாப்போம்."

தட்டியது.

டிங். டிங்.

அவசரமில்லாத ஒலி. மூழ்குகிறவன் அப்படித் தட்டமாட்டான். அவன் கடைசி வாளியைக் கவிழ்த்தான். பிளவு விளிம்புவரை நிறைந்தது. சற்றைக்கெல்லாம் ரெசின் சூடேறத் தொடங்கியது. வெளித்தோலில் கையை வைத்தவன் சுட்டதும் எடுத்துக்கொண்டான். மேலே வெண்புகை எழுந்தது. இறுகும் ரெசின் உள்ளுக்குள் சுருங்கிப் பிளந்தது. படீர் என்று ஒரு வெடிப்பு. இன்னொன்று. அவன் பின்வாங்கிச் சுவரோடு சாய்ந்து, மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டு, புகை அடங்கும்வரை நின்றான். தான் சிரித்துக்கொண்டிருப்பதை உணர்ந்தான்.

அப்போது வேறொரு ஒலி வந்தது.

உள்ளிருந்து. முட்டியால். விரைவாக இரண்டு, சற்றுத் தாமதித்து ஒன்று.

அவனுக்கு எந்த ஒலியும் பிடிபடாது. அந்த ஒன்று பிடிபடும். கடையில் ஆட்கள் இருக்கும்போது, உள்ளே வரலாமா என்று கேட்பதற்கு, நடுக்கதவில் அவள் தட்டும் தட்டல் அது. கல்யாணமான நாளிலிருந்து.

*

பின்வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது.

"என்னடா இது நாத்தம், வீடே மயங்கி விழுந்துடும் போலிருக்கு," என்றாள் அக்கா. கையில் நனைந்த பொத்தான் பொட்டலம். "பொத்தான் தீர்ந்துடுச்சுன்னு கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள என்ன செஞ்சு வச்சே?"

அவன் குடையைப் பார்த்தான். அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நீயா எடுத்துட்டுப் போனே?"

"பின்ன, மழையில நனைஞ்சுக்கிட்டா போவாங்க?" அக்கா தலையை எட்டி நீட்டினாள். "அவ எங்கே?"

"அவ கடைத்தெருவுக்கு..."

"அவ எங்கடா போனா? நான் கெளம்பறப்ப இங்கதானே நின்னா. குடை எடுத்துக்கறேன்னேன். எடுத்துக்குங்க அண்ணி, நான் உள்ள எறங்கப் போறேன், வர நேரமாகும்னா. சிரிச்சுக்கிட்டே சொன்னா. நானே அசந்துட்டேன்."

அவன் கீழே பார்த்தான். படகின் பின்புறம், தாங்கியின் ஓரத்தில், பிளவுக்கு நேர்கீழே, அவளுடைய செருப்புகள் ஜோடியாக இருந்தன. எந்தப் படகிலும் அவள் செருப்போடு ஏறமாட்டாள். கழற்றி, வாசலைப் பார்க்கத் திருப்பிவைத்துவிட்டுத்தான் ஏறுவாள். திரும்பி வரும்போது மாட்டிக்கொள்ள எளிதாக. இவை வாசலைப் பார்த்திருக்கவில்லை. பின்பலகையைப் பார்த்திருந்தன.

வாளியைத் தூக்கிக்கொண்டு அத்தனை தடவை நடந்தவன், அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் நடந்திருக்கிறான்.

"யாருடா உள்ள தட்டறது?" என்றாள் அக்கா. குரல் தாழ்ந்திருந்தது. "தம்பி. யாருடா அது?"

வாசலில் பொட்டலம் விழுந்து பொத்தான்கள் சிதறி உருளும் ஒலி. பிறகு வீட்டுக்குள் ஓடும் காலடி. கதவு.

அவன் சுத்தியலை எடுத்தான். உடைத்துவிடலாம். தோல்தான். நான்கு விரல்தான். இன்னும் முழுதாக இறுகியிருக்காது. சுத்தியலை ஓங்கிக்கொண்டு பின்பலகைக்கு நேரே வந்து நின்றான்.

புகை விலகியிருந்தது.

பொடி கலக்காத ரெசின் கண்ணாடியாக இறுகியிருந்தது. மறுபுறத்து விளக்கின் ஒளி தடையில்லாமல் ஊடுருவி வந்தது. பின்பலகை முழுவதும் தேன்நிறம். வெடிப்புகள் அதில் நரம்புகளாக ஓடின. அவற்றின் நடுவே ஒரு நிழல்.

தோள். முதுகு. பின்னி முடித்த தலைமயிர்.

சுத்தியல் கையிலிருந்து நழுவியது. கழுத்திலிருந்த நாடாவை அவன் கை தானாக எடுத்தது. சூடு தணியாத ஃபைபரின்மேல் வைத்துப் பிடித்தது. தோளகலம் சரி. முதுகின் நீளம் சரி. அவன் எத்தனையோ முறை எடுத்த அளவு. எழுதிவைக்காமலே நினைவிருக்கும் அளவு. நான்கு விரல் இடத்தில் ஒரு மடிப்பும் நெரிசலுமில்லாமல், உடலுக்கென்றே வெட்டித் தைத்ததுபோல் அவள் நின்றிருந்தாள். அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அவளுக்கு அப்பால், அவளை நோக்கியபடி, இன்னொரு நிழல். உயரமானது. அதன் தோளகலத்தை அவனால் சொல்ல முடியவில்லை. ஒரு கை மட்டும் அவள் இடுப்பைச் சுற்றி இப்புறம் வந்திருந்தது. ஃபைபரோடு ஒட்டி விரிந்திருந்த அந்தக் கையின் நடுவிரலில் அவனுடைய அப்பாவின் விரலுறை இருந்தது. நசுங்கிய பக்கம் தெரிந்தது.

அவன் தட்டினான். விரல் முட்டியால். ஒருமுறை.

உள்ளே தட்டல் நின்றது. தகரத்தின்மேல் மழை. உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தான். அவள் சொல்லிக்கொடுத்தபடியே. தோல் கொதித்தது. எடுக்கவில்லை.

பதில் இல்லை.

மறுபடி தட்டினான். விரைவாக இரண்டு. சற்றுத் தாமதித்து ஒன்று.

பின்னலின் நிழல் அசைந்தது. கல்லாக இறுகிய ரெசினுக்குள், மெதுவாக, அவள் தலை எழும்பியது. அவன் பக்கம் திரும்பவில்லை. எதிரே நிற்பவனின் தோளில் சாய்ந்தது.

விரலுறை அணிந்த விரல் மடங்கியது. டிங்.

அவள் முட்டி அதற்குப் பதில் தட்டியது.